லெஸ்டரில் ஒரு கொட்டாவிக்காக

போனது இரண்டு பேர்: ராமாத்தாள் அக்காவும் நானும். அக்காவின் மகள் வரவில்லை. உடுமலைப்பேட்டையில் கைக்குழந்தையோடு இருந்தாள். அக்காவின் கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டது. கொழுந்தனார் பழனிச்சாமி வரவில்லை. யாரும் அவரைக் கூப்பிடவில்லை, அவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கோயமுத்தூர் டாக்டர் வரவில்லை, ஆனால் அவர் எழுதிக் கொடுத்த மூன்று பக்கக் கடிதம் என் சட்டைப்பையில் வந்தது.

வீரபாண்டியில் அக்காவுக்கு ஒரு பனியன் யூனிட். நாற்பது மெஷின். அங்கே எல்லோருக்கும் அவர் அக்காதான். செக்கிங்கில் வேலை செய்யும் என் அம்மாவுக்கும் அக்கா, எனக்கும் அக்கா. எங்கள் வீட்டில் முதன்முதலில் காலேஜ் வாசலை மிதித்தவன் நான். யூனிட்டில் இங்கிலீஷில் மெயில் அடிக்கத் தெரிந்தவனும் நான் ஒருவன்தான். அந்தத் தகுதியில்தான் இங்கிலாந்துக்குப் போனேன்.

அக்காவுக்குப் பார்க்கின்சன் நோய். கை நடுங்குவது ஊருக்கே தெரியும். கால் நின்றுபோவது யூனிட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் தெரியும். ஒரு வேளை மாத்திரையின் வேகம் குறைந்து அடுத்த வேளை வேலை செய்ய ஆரம்பிப்பதற்குள் ஒரு பள்ளம் வரும். அந்தப் பள்ளத்தில் அக்கா இரண்டு மெஷின் வரிசைக்கு நடுவில் அப்படியே நின்றுவிடுவார். பாதத்தைத் தரையோடு ஒட்டிவைத்த மாதிரி. டெய்லர்கள் எல்லாம் தலையைக் குனிந்து ஊசியையே பார்ப்பார்கள். என் அம்மா மாத்திரையை நசுக்கி எலுமிச்சை சோடாவில் கலக்கி எடுத்துக்கொண்டு ஓடுவாள். அப்படிக் குடித்தால் சீக்கிரம் பிடிக்கும் என்பார்கள். சீக்கிரம் என்றால் அரைமணி, முக்கால் மணி. அதுவரை நிற்க வேண்டும்.

"ஆனி மாசம் முடியறதுக்குள்ள சாவியக் குடுத்துருங்க அண்ணி, நான் பாத்துக்கறேன்" என்று பழனிச்சாமி சொல்லியிருந்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. பங்குதாரர். நடு யூனிட்டில் நின்றுபோகிற முதலாளியை வைத்துக்கொண்டு ஆர்டர் பிடிக்க முடியாது என்பது அவர் கணக்கு. அக்காவுக்கோ சாவியைக் கொடுப்பதும் படுத்துவிடுவதும் ஒன்றுதான்.

கோயமுத்தூர் டாக்டர்தான் அந்த ஊசியைப் பற்றிச் சொன்னார். அப்போமார்பின். பேனா மாதிரி இருக்கும், வயிற்றுத் தோலில் குத்திக்கொள்ள வேண்டும். "இது நோயைக் குணப்படுத்தாது. தினசரி மாத்திரைக்குப் பதிலும் இல்லை. கால் நின்ற நேரத்தில் பத்து நிமிஷத்தில் எழுப்பி விடும், ஒரு மணி நேரம் போலத் தாங்கும், அவ்வளவுதான்" என்றார். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, முதல் ஊசியை ஆஸ்பத்திரியில் வைத்துப் போட்டுப் பார்த்துத்தான் அளவு முடிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னார். அப்போது நம் பக்கம் அது கிடைக்கவில்லை. லெஸ்டரில் அவருக்குப் பாடம் நடத்திய டாக்டரம்மா இருந்தார். புதன்கிழமைக்கு நாள் கொடுத்திருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போய் இறங்கினோம். ஹன்சா பென் என்ற குஜராத்தி அம்மாள் வீட்டு மாடியில் இரண்டு அறை. மாடி என்றதும் எனக்குப் பகீரென்றது. அக்கா விறுவிறுவென்று ஏறிவிட்டார். இந்த நோயில் இப்படி ஒரு விசித்திரம்: படி ஏறலாம், சமதரைதான் எதிரி. மேலே போனதும் அறை வாசலில் கால் நின்றுவிட்டது. கதவு நிலைக்கு முன்னால் பத்து நிமிஷம் நின்றோம். ஹன்சா பென் கீழிருந்து, "அறை பிடிக்கவில்லையா?" என்று கேட்டார். "பிடிச்சிருக்குது, பாத்துட்டு இருக்கறோம்னு சொல்லு கண்ணு" என்றார் அக்கா.

ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம். "இந்த ஊர்ல கரண்டு பில்லே வராதாட்டிருக்குது. ரெண்டாவது ஷிப்ட்டையும் லைட்டில்லாம ஓட்டலாம்" என்று ஜன்னலோரம் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை கடைத்தெருவுக்குப் போகப் பஸ் ஏறப்போனதுதான் பெரிய பாடு. கதவு திறந்தது, படியே இல்லாத சமதரை வாசல். முன்னால் இருந்த நாலு பேர் ஏறினார்கள். அக்காவின் முறை வந்ததும் கால் வரவில்லை. நம்மூர் டவுன் பஸ் என்றால் கண்டக்டர் இரண்டு கையையும் பிடித்து மூட்டை மாதிரி உள்ளே இழுத்துப் போட்டிருப்பார், பின்னாலிருந்து நாலு பேர் தள்ளியிருப்பார்கள், பஸ்ஸும் கிளம்பியிருக்கும். இங்கே யாரும் தொடவில்லை. டிரைவர் இன்ஜினை நிறுத்திவிட்டார். பின்னால் நின்ற வரிசை வானத்தைப் பார்த்தது. அந்த மரியாதைதான் தாங்க முடியவில்லை. "நீங்க போங்க" என்று நான் கையை ஆட்ட, "அவசரமில்லை மகனே" என்றார் டிரைவர். கடைசியில் நாங்கள்தான் பின்வாங்கினோம்.

நடந்தே போனோம். நடையில் ஒன்று கண்டுபிடித்தேன். ரோட்டைக் கடக்கிற வெள்ளைக் கோடுகள் மேல் அக்கா அழகாக நடந்தார். ஒவ்வொரு கோட்டையும் தாண்டித் தாண்டி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இரண்டு பக்கமும் கார்கள் நின்று வழிவிட்டன. எதிர்ப்பக்க நடைபாதையில் ஏறியதும் மறுபடி நின்றுவிட்டார். "திரும்பி அந்தப் பக்கமே போலாமா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. மூன்று முறை கடந்தோம். மூன்றாவது முறை ஒரு காரோட்டி கையெடுத்துக் கும்பிட்டான்.

சாப்பாட்டில் குறையில்லை. ஹன்சா பென் பருப்பில் வெல்லம் போட்டார். "பாயாசத்துல உப்பக் கொட்டிட்டாளா, சாம்பார்ல சர்க்கரையக் கொட்டிட்டாளா கேளு" என்று அக்கா எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகுவார். பிறகு ஹன்சா பென்னைப் பார்த்து, "நல்லாருக்குதுங்க" என்று தலையை ஆட்டுவார். கையோடு கொண்டுவந்த கொள்ளுப்பொடி இரண்டாம் நாளே காலி.

செவ்வாய்க்கிழமை இரவு வழக்கமான மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். கால் நன்றாக நின்றுபோன நிலையில்தான் ஊசியைப் போட்டுப் பார்க்க முடியும். புதன் காலையில் அக்காவைக் கட்டிலிலிருந்து எழுப்பவே ஹன்சா பென்னும் நானும் வேண்டியிருந்தது. உடம்பு பலகை மாதிரி. குரல் உள்ளே போய்விட்டது. முகத்தில் அசைவில்லை. டாக்சி டிரைவர் ஒரு சர்தார். அவரே இறங்கி வந்து, "என் தாய் மாதிரி" என்று தூக்கி உட்காரவைத்தார்.

ஆஸ்பத்திரியில் ஷைனி என்ற மலையாளி நர்ஸ். கோயமுத்தூரில் படித்தவர். "அக்கா வாங்க, பேடிக்க வேண்டா, பயம் வேண்டா" என்று அவர் பேசிய தமிழைக் கேட்டதுமே எனக்கு அரைத் தெம்பு வந்தது. இரத்த அழுத்தம் பார்த்தார்கள். வயிற்றில் சின்ன ஊசி. எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தோம்.

ஆறாவது நிமிஷம், "வயித்தக் கலக்குது கண்ணு" என்றார் அக்கா. அடுத்த நிமிஷம் வாந்தி. நிற்கவே இல்லை. வேர்த்துக் கொட்டியது, இரத்த அழுத்தம் இறங்கியது, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தினார்கள். டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைக் கேட்டார்: "மூன்று நாளாக வாந்தி மாத்திரை போட்டார்களா?"

ஊசியின் குணமே குமட்டல். அது வராமல் தடுக்க மூன்று நாள் முன்கூட்டியே, தினம் மூன்று வேளை ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு வரவேண்டும். கோயமுத்தூர் டாக்டர் கொடுத்தனுப்பியிருந்தார். ஏர்போர்ட்டில் அக்கா கையில் கொடுத்தவன் நான்தான்.

"போட்டீங்களாக்கா?"

அக்கா கண்ணாலேயே தன் பையைக் காட்டினார். உள்ளே அட்டை முழுசாக இருந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை.

"வாந்தி வரவே இல்லியே, கண்ணு. இப்பத்தான வந்துச்சு. இப்பக் குடு, போட்டுக்கறேன்."

கொஞ்சம் தெளிந்ததும் அவரே சொன்னார். "கறையில்லாத துணி மேல கறை எடுக்கற மருந்த அடிச்சா என்னாகும்? வளையம் விழுந்துரும், பீஸ் ரிஜெக்ட். உங்கம்மாகிட்டக் கேளு. கறை வந்தப்புறந்தான் அடிக்கோணும். வராத வாந்திக்கு மாத்திரை போட்டா ஒடம்பு கெட்டுப்போகாதா?"

தப்பு என்னுடையதுதான். "இது வாந்திக்குங்கக்கா" என்று கொடுத்தேனே தவிர, வராமல் இருப்பதற்கு என்று சொல்லவில்லை. கடிதத்தில் இருந்தது. நாலு தடவை படித்திருந்தேன். படித்ததைப் பெரியவருக்கு வகுப்பெடுக்கிற மாதிரி சொல்லக்கூடாது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

ஷைனி டாக்டரம்மாவுக்குக் கறைக் கதையை விளக்கினார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. யோசித்துவிட்டு, "தர்க்கம் சரிதான், மருந்துதான் வேறு" என்றார். மறுபடி மூன்று முழு நாள் மாத்திரை போட்டாக வேண்டும். அப்படியென்றால் சனிக்கிழமை ராத்திரிதான் முடியும். சனி, ஞாயிறு கிளினிக் கிடையாது. திங்கட்கிழமை பார்க்கலாம். எங்கள் டிக்கெட்டோ ஞாயிற்றுக்கிழமைக்கு.

தெருமுனை பூத்திலிருந்து கார்டு போட்டு ஊருக்குப் பேசினோம். ரிசீவரை அக்காவின் காதில் வைத்துப் பிடித்திருந்ததால் பழனிச்சாமியின் குரல் எனக்கும் கேட்டது.

"ஒரு ஊசிக்கே இப்பிடின்னா அண்ணி, தெனத்துக்கும் எப்பிடிங்க? போதுமுங்க, ஊட்டுக்கு வந்துருங்க. செலவு பண்ணுனது போகட்டும்."

"கொழுந்தனாரே, பாப்பா வயித்துல இருக்கறப்ப நானு அஞ்சு மாசம் வாந்தி எடுத்தனுங்க. எந்திரிச்சு வாயைக் கழுவீட்டு மறுபடியும் மெஷின்ல உக்காந்தனுங்க. உங்கண்ணன் போதும்னு சொல்லலீங்க."

"டிக்கெட்ட மாத்தச் சொல்லீட்டேன்" என்று அக்கா முடித்தார். எனக்கு அப்போதுதான் தெரியும்.

வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு. நீளமான நாட்கள். வேளைக்கு ஒரு மாத்திரை. நான் எதிரில் நின்று, "வாயைத் திறங்கக்கா, பாக்கறேன்" என்பேன். "எக்ஸ்போர்ட் பீசுக்கே இப்படிச் செக்கிங் கெடையாது" என்று திறந்து காட்டுவார். எனக்குத் தூக்கம் கெட்டுப்போயிருந்தது. அவர் புரண்டு படுக்க முடியாமல் சுவரைத் தட்டும்போதெல்லாம் எழுந்து போய்ப் புரட்டிவிட வேண்டும். ஒரு பெண்பிள்ளை கூட வந்திருக்க வேண்டும் என்று அப்போதெல்லாம் தோன்றும். அக்காவுக்கும் தோன்றியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஒரு துணிக்கடைக்குள் போனோம். அக்கா தொங்கிக்கொண்டிருந்த நைட்டியை உட்புறம் திருப்பித் தையலை இழுத்துப் பார்க்க, காவலாள் வந்து பக்கத்தில் நின்றான். "எதையாவது தேடுகிறீர்களா?" "இழுத்தா நூல் விட்டுப்போகுது, இத எந்த ஊர்ல தைச்சாங்கன்னு கேளு." நான் கேட்கவில்லை. லேபிளைப் பார்த்தேன், நம் நாடு இல்லை. அக்காவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம்.

ஞாயிறு இரவு மறுபடி வழக்கமான மாத்திரையை நிறுத்தினோம். திங்கட்கிழமை அதே பலகை உடம்பு, அதே சர்தார். முதலில் சின்ன அளவு. குமட்டவில்லை. ஆனால் காலும் வரவில்லை. முக்கால் மணி நேரம் காத்திருந்து கொஞ்சம் கூட்டிப் போட்டார்கள். ஐந்து நிமிஷம். ஆறு. அக்காவின் முகம் கல்லாகவே இருந்தது. இவ்வளவு தூரம் வந்து இது பலிக்காவிட்டால் திரும்பிப் போகிற வழியெல்லாம் என்ன பேசுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏழாவது நிமிஷம் அக்கா ஒரு கொட்டாவி விட்டார். நீளமான, தாடை கழன்றுவிடுகிற கொட்டாவி. ராத்திரி தூங்கவில்லை, பாவம் என்று நினைத்தேன். ஷைனி என் தோளைத் தட்டினார். "கொட்டாவி வந்நா மருந்து தலைக்குப் போயாச்சு. இப்ப பாரு."

இரண்டாவது கொட்டாவி. மூன்றாவது. பிறகு வலது கை விரல்களை மடக்கி நீட்டினார். "காலு எளகுது" என்றார். குரல் பழைய குரல். எழுந்து நின்றார். நடந்தார். வராந்தாவின் கடைசிவரை போய் யாரும் பிடிக்காமல் திரும்பி வந்தார். நான் பின்னால் ஓடவேண்டியிருந்தது. நடுவில் நின்றபோது பயந்துபோனேன். ஜன்னல் திரையின் ஓரத்தை மடித்துத் தையலைப் பார்க்க நின்றிருக்கிறார்.

ஐம்பது நிமிஷம் தாங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக, தண்ணீர் வடிகிற மாதிரி, போய்விட்டது. அக்கா நாற்காலியில் உட்கார்ந்து அது போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வந்து போறதுதான் ரொம்பத் தெரியுது" என்றார்.

பேனாவைப் பிடிக்க ஷைனி எனக்குப் பழக்கினார். இடத்தை மாற்றி மாற்றிக் குத்த வேண்டும், இல்லையென்றால் தோலில் கட்டி வரும். ஒரு சொட்டு அக்காவின் முந்தானையில் விழுந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் பச்சை. "சாயமா இருந்தா இது நிக்கற கலரு. எந்தச் சோப்புக்கும் போகாது" என்றார் அக்கா. பேனாவுக்குள்ளேயே மருந்து பச்சையாகிவிட்டால் போடக்கூடாது என்று ஷைனி எச்சரித்தார். இன்னொன்றும் சொன்னார்: ஒரு பேனாவைத் திறந்தால் இரண்டு நாளைக்குத்தான். மிச்சம் இருந்தாலும் எறிந்துவிட வேண்டும்.

அக்கா அப்படி எறிவதைத்தான் விமானம் முழுக்க யோசித்துக்கொண்டு வந்தார். வாங்கியது நாற்பது பேனா. தினமும் போட்டால் எண்பது நாள். கோயமுத்தூரில் இறங்கும்போது முடிவெடுத்துவிட்டார். "வாரத்துக்கு ஒண்ணு. வெள்ளிக்கெழம காலைல தொறக்கறோம். வெள்ளி டெலிவரி, சனி சம்பளம். மத்த நாளைக்கு உங்கம்மாளோட சோடா." ஊசி குத்துகிற வேலை, நான் பழக்கிக் கொடுத்து, என் அம்மாவின் கைக்குப் போனது.

ஆனி கடைசி வெள்ளிக்கிழமை பழனிச்சாமி சாவிக்கு வந்தார். ஒன்பது மணி என்று சொல்லியிருந்தவர் எட்டே முக்காலுக்கே வந்துவிட்டார். அக்கா காலையிலிருந்து நாற்காலியை விட்டு அசைய முடியாமல் இருந்தார். நான் வாசலிலேயே மறித்து, "டீ சொல்லியிருக்கேனுங்க, சாப்பிட்டுட்டு வாங்க" என்றேன். உள்ளே அம்மா கதவைச் சாத்திக்கொண்டு ஊசியைப் போட்டாள்.

பழனிச்சாமி டீயை இரண்டே மடக்கில் முடித்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். சுவர்க் கடிகாரப்படி ஊசி போட்டு மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

"எப்பிடிங்க அண்ணி இருக்கறீங்க?"

அக்கா தலையை மட்டும் அசைத்தார்.

"போன காரியம் என்னாச்சுங்க? பேச்சே வரலியே." என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பேசிக்கொண்டே போனார்: நூல் விலை, சாயப்பட்டறைக்காரர்கள் கேட்கிற அட்வான்ஸ், சரக்கு எடுக்கிற பையர் வரப்போகிறார். எல்லாம் நியாயமான பேச்சு. ஆறு நிமிஷம். ஏழு. அம்மா கதவோரம் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

எட்டாவது நிமிஷம், அவர் பேச்சின் நடுவில், அக்கா வாயைப் பிளந்து கொட்டாவி விட்டார்.

"பாருங்க, இதுக்குத்தானுங்க சொல்றேன்" என்றார் பழனிச்சாமி, மனசார வருத்தப்பட்டு. "ஒடம்பு ஓய்வு கேக்குதுங்க."

அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

இன்னொரு கொட்டாவி. பிறகு அக்கா மேஜையில் கையை ஊன்றி எழுந்தார். "வாங்க, ஒரு ரவுண்டு போலாமுங்க."

முதல் வரிசை, இரண்டாம் வரிசை, கட்டிங் டேபிள், அயர்ன் டேபிள். கால் எங்கும் ஒட்டவில்லை, நின்ற இடத்திலெல்லாம் அவர் வேண்டுமென்றுதான் நின்றார். ஒரு டெய்லரின் பீஸை எடுத்துக் கழுத்துத் தையலை விரித்துப் பார்த்து, "பிரிச்சுத் தைங்க தம்பி" என்றார். குனிந்திருந்த தலைகள் நிமிர்ந்தன. பழனிச்சாமி கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். பேக்கிங் பக்கம் போனதும் அக்கா திரும்பினார்.

"இது ஒரு மணி நேரந்தானுங்க. பொய் சொல்ல மாட்டேன். வெள்ளி, சனி நான் நிக்கறேன். மத்த நாலு நாள் நீங்க நின்னு பாத்துக்கோங்க. சாவி எங்கிட்டயே இருக்கட்டுமுங்க."

அவர் திறந்து கிடந்த ஒரு அட்டைப்பெட்டியின் மூடியை அழுத்தி மூடினார். "நாலு நாளும் நானேவா?" என்றார். பிறகு, "சரிங்க அண்ணி."

நாற்பது பேனா, நாற்பது வாரம். அதற்கப்புறம் என்ன என்று அக்காவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. டிக்கெட் நாள் மாற்றிய தண்டத்தை என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். "முழுங்காம வச்சிருந்தது நானு, நீயா?" என்று திட்டிவிட்டார். விசா, விமானம், அறை, இரண்டு தடவை ஆஸ்பத்திரி, சர்தாரின் டாக்சி, அந்தத் தண்டம், பேனாக்கள், எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்துத் தொண்ணூற்றாறாயிரத்து நானூறு ரூபாய்.